வன்னியராஜ் எடுத்த ரூம்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலை ஒட்டிய சந்தில் மூன்று மாடி லாட்ஜ் ஒன்று இருந்தது. இருபத்திரண்டு ரூம்கள். இருபத்திரண்டுக்கும் வன்னியராஜ்தான் பொறுப்பு. கோயில் முன்னால் தேங்காய் உடைகிற சத்தம் காலையில் தொடங்கும்போது அவன் முதல் மாடியில் முதல் விரிப்பை உதறிக்கொண்டிருப்பான். சத்தம் சற்று ஓய்ந்து வரும்போது மூன்றாம் மாடிக்கு ஏறியிருப்பான். பதினெட்டு வயதில் கல்குளத்திலிருந்து வந்து சேர்ந்தவன். 2003 மே மாதத்தோடு இருபது வருஷம்.

அவனுடைய வித்தை மெத்தையின் மூலையில் இருந்தது. விரிப்பின் தொங்கலைத் தூக்கி, தபால் உறையின் வாயை மடிப்பது போல மடித்து, அடியில் செருகி, முழங்கையால் ஒரு அழுத்து அழுத்துவான். இரவெல்லாம் புரண்டு படுத்தவர் எழுந்து போன பின்னும் நாலு மூலையும் அப்படியே இருக்கும். பக்கத்து லாட்ஜ்காரர்கள் புது ஆள் எடுத்தால், "ஒரு நாள் வன்னியன் கூட நிக்கட்டு" என்று அனுப்பி வைப்பார்கள். அதில் அவனுக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு பெருமை உண்டு.

இத்தனை ரூம்களைத் திறந்து மூடியவனின் வீட்டார் ஒரு ரூமிலும் படுத்ததில்லை. சாலைக் கடைத்தெருவின் பின்பக்கம் ஓர் அறையும் அடுக்களையுமாக வாடகை வீடு. மகள் பூமாரிக்கு ஆறு வயதாக இருந்தபோது, அம்மா ரத்னாபாயோடு சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்தவள், திறந்து கிடந்த ஐந்தாம் நம்பர் ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் அவன் விரித்து முடித்திருந்தான்.

"ஒரு நாள் இங்க படுக்கட்டாப்பா?"

படியில் முதலாளி நின்றிருந்தார். "பொறவு பாப்போம் மக்ளே" என்று வன்னியராஜ் கதவைச் சாத்தினான். அந்தப் 'பொறவு' ஐந்து வருஷமாக அவனுக்குள் கிடந்தது. வெளியூர் எங்காவது கூட்டிப் போக வேண்டும், நல்ல ரூமாகப் பார்த்து எடுக்க வேண்டும், தன் கையால் விரித்துக் கொடுக்க வேண்டும். பூமாரி முதன்முதலாகப் படுக்கிற ரூம் அப்பா எடுத்ததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

அந்தப் 'பொறவு' கடைசியில் வரத்தான் வந்தது. ஆனால் அதை ஏந்திக்கொண்டு வந்தவன் விஜய்குமார்.

விஜய்குமார் ரத்னாபாயின் தங்கை பிரேமாவின் புருஷன். ஏசி மெக்கானிக்காகத் துபாய்க்குப் போய் இப்போது சூப்பர்வைசர். லீவில் மார்த்தாண்டம் வந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் பிரேமாவையும் ஒன்பது வயது மகன் அஜினையும் ஏற்றிக்கொண்டு சாலை வீட்டுக்கு வந்தான். அவன் உட்கார்ந்ததும் அந்த ஒற்றை அறை முழுக்க அவனுடைய சென்ட் வாசம் உட்கார்ந்துகொண்டது. பையிலிருந்து வழுவழுப்பான ஒரு மடிப்புத் தாளை எடுத்துப் பாயில் விரித்தான்.

"அண்ணாச்சி, ரெண்டு குடும்பமாட்டு போவோம். கொச்சிக்குப் பக்கத்துல மழைவில் பார்க்குன்னு புதுசாட்டு தொறந்திருக்கான். சறுக்கு, அலைக்குளம், ராட்டினம் எல்லாம் உண்டு. பார்க்குக்க உள்ளேயே ஹோட்டலும் வச்சிருக்கான். ரெண்டு ரூமு நான் சொல்லிப் போடுதேன்."

பூமாரி மண்டியிட்டுத் தாளின் மேல் குனிந்தாள். ஹோட்டல் ரூமின் படம். வெள்ளைக் கட்டில். கட்டிலுக்கு அப்பால் சன்னல். சன்னல் முழுக்க ராட்டினம். அவள் விரல் கட்டிலில் தொடங்கி சன்னல் வழியாக ராட்டினத்தில் ஏறிச் சுற்றியது.

"சித்தப்பா, இந்த சன்னல்ல நின்னா நெசமாவே ராட்டினம் தெரியுமா?"

"கையெட்டித் தொடலாம் மக்ளே."

மக்ளே. அந்தச் சொல் வன்னியராஜின் காதில் முள்ளாக ஏறியது. விஜய்குமாரின் வாட்ச்சைப் பார்த்தோ காரைப் பார்த்தோ அவன் பொறாமைப்பட்டதில்லை. வாட்ச் அவன் கையில் இருக்கிறது, கார் வாசலில் நிற்கிறது, இருக்கட்டும். இது வேறு. ஐந்து வருஷமாகத் தான் பொத்தி வைத்திருந்ததை எடுத்து, தன் பிள்ளையின் மடியில், தன் கண் முன்னாலேயே போடுகிறான்.

"உள்ள ஹோட்டல்ல எடுக்கப்பிடாது" என்றான் வன்னியராஜ். "சாயா குடிக்கணும்னாலும் அவன் வச்சதுதான் வெல. வெளிய எடுத்தா நாலு கட இருக்கும். பின்ன, பார்க்குக்க உள்ளேன்னா ஒரே பாட்டும் பகளமும். மனுசன் கண்ணடைக்க முடியாது."

"ஆனா அண்ணாச்சி, உள்ள ரூம் எடுத்தவங்கள ஒரு மணிக்கூர் முன்னாடியே பார்க்குல விடுவான். கூட்டம் வாறதுக்கு முந்தி பிள்ளையளுக்கு எல்லாத்துலயும் ஏறிரலாம்."

"லாட்ஜ் காரியத்த எனக்கு விடு விஜயா. இருவது வருசமாட்டு அதுலயாக்கும் கெடக்கேன்."

விஜய்குமார் சிரித்தான். "அண்ணாச்சி கெடக்கது லாட்ஜ். இது ஹோட்டலாக்கும்."

அடுக்களை வாசலில் நின்ற ரத்னாபாய், "ஒரு தடவதானே போறோம், எல்லாரும் ஒரே எடத்துல இருந்தா..." என்று தொடங்கினாள்.

"எனக்க பிள்ளைக்கு ரூமு நான் எடுப்பேன்."

 பிரேமா மெதுவாகத் தாளை மடித்தாள். பூமாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் போன பிறகு ரத்னாபாய் சாயா கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே, தண்ணீரிடம் சொல்வது போலச் சொன்னாள்: "பாட்டு கேக்குமாம், கண்ணடைக்க முடியாதாம். கோயில் மைக்குக்கு அடியில இருவது வருசம் வேல பாத்த ஆளு. வயித்தெரிச்சலுக்கு நூறு நியாயம்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான்.

பார்க்கின் கேட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு லாட்ஜில் வேலாயுதன் மானேஜராக இருந்தான். நாலு வருஷம் வன்னியராஜிடம் வேலை பழகியவன். போனில் வன்னியராஜ் ஒன்றொன்றாகக் கேட்டான். எத்தனையாம் மாடி? மெத்தை தேங்காய்த் தும்பா, பஞ்சா? பாத்ரூம் கதவின் அடி உளுத்திருக்கிறதா? குழாயில் வெள்ளம் காலையில் கிடைக்குமா? ராத்திரி லாரி போகுமா? தலையணை எத்தனை வருஷம்?

"அண்ணன் கண்ண மூடிட்டு வாங்க. பன்னெண்டாம் நம்பரு. மூலை ரூமு, ரெண்டு சன்னலு, நல்ல காத்து. அண்ணனுக்காட்டு புது பெயிண்டும் அடிச்சு வைக்கேன்."

திருப்தியாக வைத்தான் போனை. லாட்ஜ்காரன் கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் கேட்டாகிவிட்டது. சன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை. அது அவனுக்குத் தோன்றவே இல்லை. பழவங்காடிக்கு வந்து ரூம் எடுக்கிற யாரும் இருபது வருஷத்தில் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

விஜய்குமார் குடும்பம் காரில் போயிற்று. இவர்கள் காலை ரயிலில் போய் மத்தியானம் தாண்டி இறங்கினார்கள். பன்னிரண்டாம் நம்பர் ரூமில் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. வேலாயுதன் புதுமாப்பிள்ளை மாதிரி கதவோரம் நின்றான். வன்னியராஜ் குழாயைத் திறந்து மூடினான், தலையணையை முகர்ந்து பார்த்தான், கட்டிலடியில் குனிந்தான். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. என்றாலும் விரிப்பை உருவிப்போட்டு, தன் கையால் மறுபடி விரித்தான். நாலு மூலைக்கும் நாலு முழங்கை அழுத்து.

"இப்ப படு மக்ளே."

பூமாரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, விரிப்பைத் தடவிப் பார்த்து, பிறகு கையை விரித்து மல்லாந்து கிடந்தாள். "நல்லாருக்குப்பா. மெத்துன்னு இருக்கு."

வன்னியராஜின் நெஞ்சில் ஐந்து வருஷத்துக் கதவு ஒன்று திறந்தது. அது முழுதாகத் திறப்பதற்குள் அவள் எழுந்து ஒரு சன்னலுக்குப் போனாள். வெளியே சிமெண்ட் கட்டிகளை அடுக்கிக் காயவைத்திருந்தார்கள். அடுத்த சன்னலுக்குப் போனாள். அங்கே ஒரு மதில், மதில்மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி.

"ராட்டினம் எந்தப் பக்கம்ப்பா?"

ரத்னாபாய் புருஷனைப் பார்த்தாள். வன்னியராஜ் வேலாயுதனைப் பார்த்தான். வேலாயுதன் தலையைச் சொறிந்தான். "மொட்ட மாடிக்கு ஏறுனா உச்சி தெரியும் மோளே. தெங்கு மறைக்காட்டி."

ஏறினார்கள். இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஓலை விலகும்போது சிவப்பாக ஒரு பெட்டி வந்து, ஒரு கணம் நின்று, இறங்கி மறைந்தது. பிறகு நீலம். பிறகு மஞ்சள். "அந்தா ஒண்ணு... அந்தா" என்று பூமாரி காட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெட்டி மறைந்ததும் அவள் முகத்தில் ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. வன்னியராஜ் ராட்டினத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பார்க் வாசலில் நீண்ட வரிசை. வெளியாட்களுக்குப் பத்தரைக்குத்தான் கேட் திறக்கும். மதிலுக்கு மேலே சறுக்குக் கோபுரத்தின் உச்சியில், பச்சைப் பட்டை கட்டிய கையை ஆட்டிக்கொண்டு அஜின் நின்றான். உள்ளே ஹோட்டலில் தங்கியவர்களுக்குப் பச்சைப் பட்டை. அவர்களுக்கு ஒன்பதரைக்கே தனி வாசல்.

"பூமாரியக்கா, நான் எட்டாவது தடவையாக்கும்!"

அவள் கையை ஆட்டினாள். பிறகு கையை இறக்கி, வெறும் மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே போனபின் விஜய்குமார் செய்த எல்லாவற்றிலும் குறை சொல்ல இடமில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. அவன் பூமாரிக்கு ஐஸ்கிரீம் வாங்கினான். அஜினுக்கு வாங்கியதைவிடப் பெரியது. தொப்பை தெரியச் சட்டையைக் கழற்றிப்போட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தண்ணீரில் விழுந்தான். வன்னியராஜ் தண்ணீரில் இறங்கவில்லை. எல்லோருடைய செருப்புக்கும் பைக்கும் காவலாகத் திட்டில் உட்கார்ந்திருந்தான். அலைக்குளத்தில் சங்கு ஊதி அலை எழும்பியது. பூமாரி பயந்து, பக்கத்தில் இருந்த கையை இறுக்கிப் பிடித்தாள். அது விஜய்குமாரின் கை. அலை போய்விட்டது. கை போகவில்லை. திட்டில் இருந்தவன் மடியில் கிடந்த ஈரச் செருப்பைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

மூன்று மணி வாக்கில் பிரேமா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "அத்தான், பிள்ளையளுக்கு மாத்துத்துணி எங்க ரூமுல கெடக்கு. ஒண்ணு போய் எடுத்துட்டு வாறியளா? எரநூத்திப் பதினாலு." சாவியைக் கையில் வைத்தாள்.

வன்னியராஜ் இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவன் போல எழுந்தான்.

ரூமுக்குள் நுழைந்ததும் துணிப்பையைத் தேடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, இருபது வருஷத்து வேலையைத் தொடங்கினான். கதவின் பின்பக்கம் பார்த்தான். திரைச்சீலையின் மேல்மடிப்பில் விரலை ஓட்டினான். வெண்டிலேட்டரின் கம்பி, குளியலறையில் தண்ணீர் போகிற சல்லடை, டிவியின் முதுகு. கடைசியில் கட்டிலடி. ஒரு முடி போதும். ஒரே ஒரு முடி கிடைத்தால் போதும், இந்த ஹோட்டலை அவன் ஜெயித்துவிடுவான். விரல் நுனியைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது.

சன்னலில் ராட்டினம் நின்றது. படத்தில் இருந்த அளவுக்கே இருந்தது. திரையை இழுத்து மூடினான்.

பிறகுதான் கட்டிலைச் சரியாகப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே குனிந்தான்.

மூலையில் மடிப்பு தெரியவில்லை. விரிப்பு மேலிருந்து ஒரே சாய்கோடாக, வாழை இலையைக் கத்தியால் சீவியது போல, இறங்கி அடியில் மறைந்தது. புடைப்பு இல்லை, சுருக்கம் இல்லை. அடியில் ஒரு விரிப்பு, மேலே ஒன்று, அதற்கு மேல் கம்பளி. மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கோடு. ஆனால் ஒன்று போல இருந்தது. அவன் தன் மூலைகளை நினைத்துப் பார்த்தான். தபால் உறைகள். இருபது வருஷமாகத் தபால் உறைகள்.

அதுவரை விஜய்குமார்மேல் இருந்த எரிச்சல் அத்தனையும் இடம் மாறியது. இதை விரித்த கை யாருடையது? அந்தக் கை இப்போது எங்கே இருக்கிறது? எந்த வேகத்தில் செய்திருக்கும்? மூன்றையும் சேர்த்து மடித்ததா, ஒவ்வொன்றாகவா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கை மூலையைப் பற்றி உருவிவிட்டது.

உருவிய பிறகும் புரியவில்லை. மறுபடி வைத்துப் பார்த்தான். உறைதான் வந்தது. இன்னொரு தடவை. கம்பளி பிதுங்கியது. மூன்றாவது தடவை முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, வியர்வை மூக்கு நுனியில் நிற்க, மெத்தையைத் தூக்கிப் பிடித்திருந்தபோது கதவு திறந்தது. துணி வரவில்லையே என்று எல்லோருமே ஈரத்தோடு வந்துவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, லீவுலயும் டூட்டியா?" என்றான் விஜய்குமார்.

பிரேமா துண்டால் வாயை மூடிக்கொண்டாள். அஜின் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்: "பெரியப்பாதான் நம்ம ரூம்பாயா?"

"சீ, வாய மூடு" என்றாள் ரத்னாபாய். பூமாரி கதவோரம் நின்றாள். அவள் பின்னலிலிருந்து தண்ணீர் கார்ப்பெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

வன்னியராஜ் மெத்தையை விட்டான். "இது சரியாட்டு விரிக்கல்ல. அதான் நான்..."

அந்நேரம் பார்த்து, புதுத் துண்டுகளை அடுக்கிய தள்ளுவண்டியோடு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். சட்டையில் ஸ்மிதா என்று பெயர்ப்பட்டை. விஜய்குமார் திரும்பி, சிரிப்பு மாறாமல், "பெட் சரியா விரிச்சில்லன்னு அண்ணாச்சி பறயுந்நு" என்றான்.

அவள் கட்டிலைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. காலையில் தான்தான் விரித்ததாகவும், சரியாகத்தான் விரித்ததாகவும் மலையாளத்தில் மெல்லச் சொன்னாள். "கம்ப்ளெயின்ட் எழுதல்லே சார்." எழுதிவிட வேண்டாம் என்கிற கெஞ்சல்.

அந்தக் குரல் வன்னியராஜுக்குத் தெரியும். முதலாளியின் முன்னால், தங்கினவர்களின் முன்னால், இருபது வருஷமாக அவன் தொண்டையில் இருந்த குரல் அது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். அவன் மானம் தப்பும். பூமாரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல" என்றான். "நல்லாத்தான் விரிச்சிருந்தது. எப்பிடி செஞ்சிருக்குன்னு பாக்க நான்தான் உருவுனேன். பின்ன எனக்கு வைக்கத் தெரியல்ல."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஸ்மிதா மூச்சை விட்டாள். கட்டிலருகே வந்து மூன்றையும் ஒன்றாக எடுத்து, ஒரு கையால் தூக்கி, மறு கையின் பக்கவாட்டால் உள்ளே வெட்டி, விட்டாள். கோடு அங்கே இருந்தது. எண்ணினால் நாலு எண்ணுவதற்குள். அவன் மானம், சகலை, சன்னல் எல்லாம் மறந்து வாய் திறந்து நின்றான்.

"எங்க படிச்சது?"

"கோட்டயத்து. மூந்நு மாசத்தெ கோர்ஸ்."

மூன்று மாசம். 

அவள் போனதும் பிரேமா திரையை விலக்கினாள். சமாதானம் செய்கிற குரலில், "அத்தான், இன்னைக்கு பூமாரி இங்க எங்ககூட கெடக்கட்டு. நாளைக்குக் காலையிலேயே பார்க்குல ஏறலாம்லா?" என்றாள்.

"அவ இஷ்டம்" என்றான் வன்னியராஜ். சுவரைப் பார்த்துத்தான் சொன்னான்.

பூமாரி சன்னலைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். அப்பாவிடம் வந்து சட்டை நுனியைப் பிடித்தாள்.

"ஒரு நாள் இங்க படுக்கட்டாப்பா?"

அதே சொற்கள். இப்போது படியில் முதலாளி இல்லை. பொறவு என்று சொல்ல வழியில்லை.

"படு மக்ளே."

அன்று சாயங்காலம் பன்னிரண்டாம் நம்பர் ரூமில் அவன் விரிப்பையும் வேலாயுதனிடம் வாங்கிய இரண்டு போர்வையையும் வைத்து, கையால் வெட்டி வெட்டிப் பார்த்தான். கோடு வளைந்தது. உருவினான். மறுபடி வளைந்தது. முகம் கழுவிவிட்டு வந்த ரத்னாபாய் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இப்ப நான் எங்க கெடக்கணும்?"

"செத்த நில்லு."

"வயித்தெரிச்சல் கட்டில்ல ஏறியாச்சா" என்றாள் அவள். ஆனால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் இருவரும் பார்க் வாசலுக்குப் போனபோது கேட் திறக்கப் பத்து நிமிஷம் இருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் பூமாரி அவர்களுக்காகக் காத்து நின்றாள். கையில் பச்சைப் பட்டை. பிரேமாவுக்குச் சொந்தம் விட்டுப்போகக் கூடாது, எப்படியோ ஒரு பட்டை வாங்கிக் கட்டிவிட்டிருந்தாள்.

"சறுக்கலியா நீ?" என்று கேட்டான் வன்னியராஜ்.

"ரெண்டு தடவ சறுக்கிட்டு வந்தேன்." அவள் கம்பியில் முகத்தை வைத்தாள். ஒரு பொட்டலத்தைக் கொடுப்பது போலக் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, அந்தக் கட்டிலு சரியில்லப்பா. போர்வைய நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில சொருகி வச்சிருக்கு. கால நுழைக்கவே முடியல்ல. நானும் அஜினும் அதுக்க மேலேயே படுத்தோம். ஒரே குளிரு."

"கேட்டியளா" என்றாள் ரத்னாபாய். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பெரிய ஹோட்டலாம்."

நேற்று அந்த ரூமில் அவன் தேடிய முடி. கம்பி வழியாக மகளே எடுத்து நீட்டுகிறாள். வாங்கிக்கொண்டால் போதும். அவன் அவள் கண்களைப் பார்த்தான். நன்றாகத் தூங்காத கண்கள்.

"ராட்டினம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." சற்று அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒவ்வொரு பெட்டியிலயும் லைட்டுப்பா. சொவரெல்லாம் கலர் கலராட்டு ஓடும்."

வன்னியராஜ் தலையை ஆட்டினான். பிறகு, யாரோ உள்ளிருந்து தள்ளியது போல, சொன்னான்: "போர்வை காரியம் குத்தமில்ல மக்ளே. அப்பிடித்தான் சொருகணும். படுக்கவங்க மேல்பக்கமாட்டு நுழைஞ்சு, காலால ஒரு உந்து உந்தணும். இளகிக் கொடுக்கும்."

பூமாரியின் புருவம் சுருங்கியது. "அப்ப அந்த அக்கா நல்லாத்தான் விரிச்சிருக்காளா?"

"நல்லாத்தான்."

"ஒங்களவிட நல்லாட்டா?"

ரத்னாபாய் வேறு பக்கம் திரும்பினாள். வரிசை முன்னால் நகரத் தொடங்கியது. பின்னால் நின்றவர் தோளில் இடித்தார்.

"ஆமா" என்றான் வன்னியராஜ்.  இரண்டடி நகர்ந்தவன் நின்று, கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டான்.

"காலு பக்கத்து மூலை எப்பிடி இருந்து? ஒரு தடவ உருவிப் பாத்திருக்கலாம்லா மக்ளே."